சாவுக்கு இட்ட பெயர்

ஒரு விஷயத்துக்குப் பெயர் வைத்துவிட்டால் அது விளங்கிவிட்டதாக நினைத்துக்கொள்வது மனித சுபாவம். பெயர் நன்றாக அமைந்துவிட்டாலோ ஆபத்து இன்னும் அதிகம். பிறகு யாரும் விஷயத்தைப் பார்ப்பதில்லை. பெயரையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறார்கள். பிரின்ஸ்டன் பல்கலைக்கழகப் பொருளாதாரப் பேராசிரியர்களான ஆன் கேஸ், ஆங்கஸ் டீட்டன் தம்பதி எழுதி 2020-ல் வெளிவந்த புத்தகத்தோடு எனக்குள்ள பெரிய தகராறு இதுதான். 'நம்பிக்கை இழந்த சாவுகளும் முதலாளித்துவத்தின் எதிர்காலமும்' என்று அதன் பெயரைத் தமிழில் சொல்லலாம். நல்ல புத்தகம். சமீப காலத்தில் ஏழை எளியவர்களைப் பற்றிப் பொருளாதாரக்காரர்கள் எழுதியவற்றில் இவ்வளவு மனிதத்தன்மை உள்ள புத்தகங்கள் அதிகம் இல்லை. ஆகவே தகராறைச் சொல்வதற்கு முன் புத்தகத்தில் என்ன இருக்கிறது என்று சொல்லிவிடுவதுதான் நியாயம்.

20-ஆம் நூற்றாண்டு முழுவதும் பணக்கார நாடுகளில் மனிதரின் ஆயுள் கூடிக்கொண்டே வந்தது. நடுவயதில் சாகிறவர்களின் விகிதம் குறைந்துகொண்டே வந்தது. பொழுது விடிவதைப் போல இது தானே நடக்கும் என்று எல்லோரும் எடுத்துக்கொண்டுவிட்டார்கள். 1990-களின் கடைசியில், அமெரிக்க வெள்ளையரில் 45 முதல் 54 வயது வரை உள்ளவர்களிடம் இந்தக் கணக்கு திரும்பிக்கொண்டது. பிரான்ஸிலும் ஜெர்மனியிலும் பிரிட்டனிலும் அதே வயதினரின் சாவு குறைந்துகொண்டு போக, இவர்களிடம் ஏறியது. பழைய வேகத்திலேயே குறைந்து வந்திருந்தால் 1999-க்கும் 2013-க்கும் இடையில் சாகாமல் இருந்திருக்கக் கூடியவர்கள் சுமார் 5 லட்சம் பேர் என்று இத்தம்பதி 2015-ல் கணக்குக் காட்டினார்கள். அந்த வயதுக் கூட்டத்துக்குள்ளேயே சராசரி வயது கூடியிருப்பதைக் கழித்துப் பார்த்தால் ஏற்றம் அவ்வளவு இல்லை என்று புள்ளிவிவரக்காரர்கள் சிலர் திருத்தம் சொன்னார்கள். திருத்தம் சரியானதே. ஆனால் மற்ற நாடுகளோடு விழுந்துவிட்ட இடைவெளி அந்தத் திருத்தத்தால் மூடவில்லை.

யுத்தம் இல்லை, பஞ்சம் இல்லை. பின் எதனால் செத்தார்கள்? பேராசிரியர்கள் மூன்று காரணங்களைப் பொறுக்கி எடுத்தார்கள்: தற்கொலை, அளவு மீறிய போதைமருந்து, குடியினால் வந்த ஈரல் நோய். மூன்றையும் ஒரே கூடையில் போட்டு, நம்பிக்கை இழந்த சாவுகள் என்று பெயர் கொடுத்தார்கள். 1995-ல் இந்த மூன்றாலும் செத்தவர்கள் சுமார் 65,000 பேர். 2017-ல் 1,58,000 பேர். தினம் மூன்று விமானங்கள் நிறைந்த பயணிகளோடு விழுந்து, ஒருவரும் பிழைக்காமல் போனால் எவ்வளவோ அவ்வளவு என்று புத்தகம் சொல்கிறது. விமானம் விழுந்தால் பத்திரிகையில் பெரிய எழுத்தில் வரும். இவர்கள் வீட்டுக்கு ஒருவராக விழுந்தார்கள்.

ஆனால் எல்லா வெள்ளையரும் இப்படிச் சாகவில்லை. கோடு எங்கே விழுந்தது என்பதுதான் புத்தகத்தின் உயிர்நிலை. நான்கு ஆண்டுக் கல்லூரிப் படிப்பை முடித்துப் பட்டம் வாங்கியவர்கள் ஒரு பக்கம், வாங்காதவர்கள் மறுபக்கம். கென்டக்கி மாநிலத்தில் பட்டம் இல்லாத நடுவயது வெள்ளையரில் 1995-ல் லட்சத்துக்கு 37 பேர் இந்த மூன்றினாலும் செத்தார்கள். 2015-ல் 137 பேர். பட்டம் உள்ளவர்களின் கணக்கு அநேகமாக அசையவே இல்லை. கல்லூரிக்குள் கால் வைத்து, பட்டம் வாங்காமலே வெளியே வந்தவன் நான். வேற்று நாட்டுச் சமாசாரம் என்று இந்த இடத்தில் என்னால் தள்ளி உட்கார முடியவில்லை. ஒரு காகிதம் மனிதனின் அறிவை அளந்துவிடும் என்று நம்பாதவர்கள்கூட, அது அவன் ஆயுளை அளக்கிறது என்று கேட்டால் திடுக்கிடத்தான் வேண்டியிருக்கிறது.

பட்டத்தில் மந்திரம் ஒன்றும் இல்லை. அது இல்லாதவனுக்கு என்ன வேலை கிடைத்தது, என்ன கூலி கிடைத்தது என்பதே விஷயம். 1979-க்கும் 2017-க்கும் இடையில் அமெரிக்காவின் தலைக்கு வருமானம் 85 சதவிகிதம் ஏறிற்று. பட்டமில்லாத வெள்ளை ஆணின் நடுத்தரக் கூலி, விலைவாசியைக் கழித்துப் பார்த்தால், 13 சதவிகிதம் இறங்கிற்று. ஆலைகள் மூடின. தொழிற்சங்கங்கள் தேய்ந்தன. சங்கம் என்பது கூலி பேசுகிற இடம் மட்டும் அல்ல; சாயங்காலம் போய் நாலு பேரோடு உட்காருகிற இடமும் அதுதான். நிலையான வேலை இல்லாதவனுக்குக் கல்யாணம் தள்ளிப்போயிற்று. நடந்த கல்யாணமும் நிலைக்கவில்லை. தேவாலயத்துக்குப் போவதும் குறைந்தது. ஒருவனைத் தாங்கிப் பிடித்திருந்த கைகள் ஒவ்வொன்றாக விலகிக்கொண்டதைப் புத்தகம் பொறுமையாக விவரிக்கிறது.

அவர்கள் தரும் விளக்கங்களில் ஒன்று எனக்குப் புதிதாக இருந்தது. அமெரிக்காவில் வேலை செய்கிற வயதினரில் பெரும்பாலோருக்கு வைத்தியக் காப்பீடு முதலாளி மூலமாகவே வருகிறது. 2019-ல் ஒரு குடும்பத்துக்கு அது சராசரியாக ஆண்டுக்கு 20,000 டாலருக்கு மேல் ஆயிற்று. மானேஜருக்கும் அதே தொகை. வாசலில் நிற்கிற காவல்காரனுக்கும் அதே தொகை. மானேஜரின் சம்பளத்தில் அது ஒரு சிறு பங்கு. காவல்காரனின் சம்பளத்தோடு வைத்துப் பார்த்தால் மலை. கம்பெனி என்ன செய்யும்? காவல்காரனையும் பெருக்குகிறவளையும் சாப்பாட்டுக் கூடத்து ஆளையும் தன் கணக்கிலிருந்து எடுத்துவிட்டுக் காண்டிராக்டர் வசம் ஒப்படைத்துவிடும். மறுநாளும் அதே ஆள் அதே கட்டடத்துக்கு அதே துடைப்பத்தோடு வருவான். ஆனால் அவன் இப்போது அந்தக் கம்பெனியின் ஆள் இல்லை. கடைசிப் படியில் சேர்ந்து, திறமையைக் காட்டி, ஒவ்வொரு படியாக ஏறுவது என்ற பழைய ஆசைக்கு ஏணியே இல்லாமல் போய்விட்டது. யாரோ ஒரு வில்லன் கெட்ட எண்ணத்தோடு செய்த காரியம் அல்ல இது. கணக்குப் பிள்ளை பேனாவை எடுத்துக் கூட்டிக் கழித்ததில் விளைந்தது. அதனாலேயே பயங்கரமானது என்று எனக்குத் தோன்றுகிறது.

வில்லன்களும் புத்தகத்தில் உண்டு. பர்டியூ பார்மா என்ற கம்பெனி 1996-ல் ஆக்ஸிகான்டின் என்ற வலி மாத்திரையைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. அபினியின் வம்சத்தைச் சேர்ந்த மருந்து. பழகிவிட்டால் விடாது. ஆனால் பழக்கமாகும் ஆபத்து மிகக் குறைவு என்று டாக்டர்களிடம் சொல்லி விற்றார்கள். 2007-லும் 2020-லும் அக்கம்பெனி நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டது. 19-ஆம் நூற்றாண்டில் இந்தியாவில் விளைந்த அபினியைச் சீனாவில் கொண்டுபோய் இறக்கிக் கோடீசுவரர்களான பிரிட்டிஷ் வியாபாரிகளை ஆசிரியர்கள் இங்கே நினைவூட்டுகிறார்கள். பொருத்தமான ஞாபகம்தான்.

இவ்வளவிலும் செத்துப்போனவனை அவர்கள் ஓர் இடத்திலும் ஏசவில்லை. சோம்பேறி, குடிகாரன், பொறுப்பில்லாதவன் என்று சொல்லிக் கையைக் கழுவிக்கொள்ளவில்லை. டீட்டனின் தகப்பனார் யார்க்ஷயரில் ஒரு நிலக்கரிச் சுரங்க ஊரிலிருந்து கஷ்டப்பட்டுப் படித்துப் பொறியாளர் ஆனவர். அந்த வீட்டில் பிறந்தவருக்குக் கோட்டின் இரண்டு பக்கமும் தெரிந்திருப்பதில் ஆச்சரியம் இல்லை.

இனி என் தகராறுக்கு வருகிறேன்.

மூன்று சாவுகளையும் ஒரே கூடையில் போட்டார்கள் என்றேன். கதை எழுதுகிறவனுக்கு இந்தக் கூடை ஒத்துக்கொள்வதில்லை. தன் உயிரைத் தானே போக்கிக்கொள்கிறவன் சாவை நினைத்திருக்கிறான். அளவு மீறிய மருந்தினால் செத்தவர்களில் பலர் அன்றைக்குச் சாக நினைக்கவில்லை; வாங்கிய பொடியில் ஃபென்டனில் கலந்திருந்தது அவர்களுக்குத் தெரியவும் தெரியாது. ஈரல் அழுகிச் செத்தவனோ இருபது வருஷம் எடுத்துக்கொண்டவன். அந்த இருபது வருஷத்தில் அவன் வேலைக்குப் போயிருப்பான், சண்டை போட்டிருப்பான், மகள் கல்யாணத்தில் பந்தியில் நின்று பரிமாறியிருப்பான், விட்டுவிடுகிறேன் என்று பலமுறை சத்தியம் செய்து சில முறை விட்டும் இருப்பான். ஒவ்வொரு நாளும் அவன் நம்பிக்கை இழந்தே இருந்தான் என்று யார் சொல்ல முடியும்? மரணச் சான்றிதழில் ஈரல் என்று எழுதியிருக்கிறது. மனசு என்று எழுதியிருக்கவில்லை. அதைப் போட்டது பேராசிரியர்கள்.

மூன்றிலும் மக்கள் அதிகம் கவனிக்காதது இந்த ஈரல் சாவுதான். சத்தம் இல்லாத சாவு அது. ஈரலில் முதலில் கொழுப்பு படிகிறது; பிறகு வீக்கம்; பிறகு தழும்பு விழுந்து இறுகுகிறது. நோய் முற்றும் வரை பெரும்பாலும் வலிகூடத் தெரிவதில்லை. வயிற்றில் நீர் கோத்து, கண் மஞ்சளாகி டாக்டரிடம் போகும்போது காலம் கடந்திருக்கும். ஆனால் முதல் கட்டத்தில் குடியை நிறுத்தினால் ஈரல் பெரும்பாலும் தேறிவிடும். மற்ற இரண்டு சாவுகளிலும் தடுப்பதற்கு மணி நேரமோ நிமிஷமோதான் கிடைக்கலாம். இதில் வருஷக்கணக்கில் அவகாசம் இருக்கிறது. அந்த அவகாசம் யாருக்குப் பயன்படுகிறது, யாருக்கு வீணாகிறது என்பதில்தான் வர்க்கம் வந்து நிற்கிறது.

ஸ்காட்லாந்தில் குடிக்கும் அளவையும் அதனால் வந்த கேட்டையும் சேர்த்துப் பார்த்து 2017-ல் ஓர் ஆய்வு வெளிவந்தது. ஒரே அளவு குடித்தாலும் ஏழைக்கு வந்த கேடு வசதியுள்ளவனுக்கு வந்ததைவிட அதிகம். புகையிலையையும் உடல் பருமனையும் கணக்கில் எடுத்துக் கழித்த பிறகும் வித்தியாசம் நின்றது. மதுத் தீங்கின் முரண் என்று ஆராய்ச்சியாளர்கள் இதைச் சொல்கிறார்கள். ஏழை அதிகம் குடித்து அழிகிறான் என்று நாற்காலியில் சாய்ந்துகொண்டு பேசுகிற நியாயம் இங்கே அடிபட்டுப்போகிறது. வக்கீல் குடித்தால் வயிற்றில் சாப்பாடு இருக்கிறது. தெரிந்த டாக்டர் இருக்கிறார். இரண்டு மாதம் எங்கேயாவது போய்த் தேறிவிட்டு வந்தால் நாற்காலி அங்கேயே இருக்கிறது. மூட்டை தூக்குகிறவன் குடித்தால் மறுநாள் வேலை போயிற்று. புட்டி ஒன்றுதான். அது வந்து விழுகிற வாழ்க்கைகள்தான் வேறு. ஸ்காட்லாந்தில் 2023-ல் குடியால் செத்தவர்கள் 1,277 பேர். மிக ஏழைப் பகுதிகளில் அந்த விகிதம் மிக வசதியான பகுதிகளைப் போல் நாலரை மடங்கு.

அதே ஸ்காட்லாந்து 2018 மே மாதத்தில் ஒரு சட்டத்தை அமலுக்குக் கொண்டுவந்தது. எந்த மதுவானாலும் அதில் உள்ள சாராயச் சத்தின் அலகு ஒன்றுக்கு 50 பென்ஸுக்குக் குறைந்து விற்கக் கூடாது. உசத்தி விஸ்கியின் விலை இதனால் மாறவில்லை. ஏழைக் குடிகாரர்கள் தேடிப் போகிற மலிவுச் சரக்கின் விலைதான் ஏறியது. சட்டம் இல்லாமல் இருந்தால் ஏற்பட்டிருக்கக் கூடியதைவிட, நேரடியாகக் குடியால் வரும் சாவு 13.4 சதவிகிதம் குறைந்தது என்று அரசாங்க சுகாதார அமைப்பு 2023-ல் மதிப்பிட்டது. மிகுதியாகக் குறைந்தது ஏழைப் பகுதிகளில். கொள்ளைநோய் ஆண்டுகளில் சாவுகள் மறுபடி ஏறியதும் உண்மைதான். 2024-ல் அந்தத் தொகையை 65 பென்ஸாக உயர்த்தினார்கள். நான் கேட்பது இது: 2018-ல் கிளாஸ்கோவின் ஏழைகளுக்குத் திடீரென்று நம்பிக்கை பிறந்துவிட்டதா? இல்லை. மலிவுப் புட்டியின் விலை ஏறியது, அவ்வளவுதான்.

ரஷ்யாவின் கதை இதைவிடப் பெரியது. 1985-ல் கோர்பச்சேவ் மதுவுக்கு எதிராக ஓர் இயக்கம் தொடங்கினார். உற்பத்தியைக் குறைத்தார், கடை நேரத்தைச் சுருக்கினார், விலையை ஏற்றினார். 62-க்கு அருகில் இருந்த ரஷ்ய ஆணின் ஆயுள் எதிர்பார்ப்பு 1987-ல் 65-ஐத் தொட்டது. ஜனங்கள் கோபித்துக்கொண்டார்கள், கள்ளச் சாராயம் பெருகியது, அரசாங்கத்துக்கு வருமானம் போயிற்று, இயக்கம் படுத்துவிட்டது. 1991-ல் சோவியத் ஆட்சி சரிந்தது. 1992-ல் விலைக் கட்டுப்பாடு நீங்கியபோது மற்றப் பண்டங்களோடு ஒப்பிட்டால் வோட்கா மலிவாயிற்று. வேலையும் சேமிப்பும் போன நேரத்தில் வோட்கா கைக்கு எட்டிற்று. 1994-ல் ஆணின் ஆயுள் 58-க்கும் கீழே போய்விட்டது. படிப்பு குறைந்தவர்களே அதிகம் செத்தார்கள். சோர்வும் புட்டியும் தனித்தனியே என்ன செய்யும், சேர்ந்தால் என்ன செய்யும் என்று சரித்திரமே சோதனை நடத்திக் காட்டியதைப் போல இருக்கிறது.

அமெரிக்காவுக்குத் திரும்புவோம். மதுவின் மீது மத்திய அரசாங்கம் விதிக்கும் வரியை 1991-ல் ஏற்றினார்கள். அதற்குப் பிறகு ஏற்றவில்லை. விலைவாசி ஏற ஏற அந்த வரி தானாகவே தேய்ந்துகொண்டு வந்திருக்கிறது. பேராசிரியர்களின் கோடு மேலே ஏறிக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில்தான் இதுவும் நடந்தது. 2019-ல் நேரடியாக மதுவால் செத்த அமெரிக்கர்கள் சுமார் 39,000. 2021-ல் சுமார் 54,000. மாத்திரை விற்றவன்மீது ஆசிரியர்களுக்கு இருக்கிற சூடு மது விற்றவனைப் பற்றிய பேச்சில் இல்லை. மாத்திரைக்குக் கம்பெனி இருக்கிறது, வழக்கு இருக்கிறது, அபராதம் இருக்கிறது. மது மட்டும் ஏதோ ஆற்றுத் தண்ணீர் போலத் தானாக ஓடி வந்து, மனசு உடைந்தவன் அதில் இறங்கி மூழ்கினான் என்ற தோற்றம் உண்டாகிவிடுகிறது. பெயர் செய்த வேலை இது. சாவு மனசுக்குள்ளிருந்து வந்தது என்று சொல்லிவிட்டால் கடைக்காரன் கண்ணில் படுவதில்லை.

போதைமருந்திலும் இதே பாடம் உண்டு. அளவு மீறிச் செத்தவர்கள் 2021-ல் ஒரு லட்சத்தைத் தாண்டினார்கள்; 2024-ல் ஏறத்தாழ 80,000-ஆகக் குறைந்தார்கள். காரணங்களைப் பற்றி வாதம் நடக்கிறது. உயிர் மீட்கும் நலாக்ஸோன் மருந்து எளிதாகக் கிடைத்தது என்கிறார்கள். சந்தைச் சரக்கு மாறியது என்கிறார்கள். அமெரிக்க ஏழைகளின் மனம் தேறிவிட்டது என்று மட்டும் யாரும் சொல்லக் காணோம்.

இது மதுவிலக்குப் பிரசங்கம் என்று வாசகர்கள் நினைத்துவிடக் கூடாது. வேலையும் மரியாதையும் பிடுங்கப்பட்டவனுக்குப் புட்டியை மட்டும் தூர வைத்தால் போதும் என்று நான் சொல்லவில்லை. இரண்டையும் சேர்த்துப் பார்க்கத் தெரிந்த நாவலாசிரியர் ஒருவர் முன்பே இருந்திருக்கிறார். 1877-ல் புத்தகமாக வந்த ஸோலாவின் 'லஸ்ஸொம்வார்' நாவலில் கூப்போ என்ற கூரை வேலைக்காரன் வருகிறான். குடித்துவிட்டுக் கூரையிலிருந்து விழுந்து செத்த தகப்பனுக்குப் பிறந்தவன். அதனாலேயே குடியைத் தொடாதவன். தெளிந்த புத்தியோடு வேலை செய்துகொண்டிருக்கும்போது அவனும் விழுகிறான். சாகவில்லை. மாதக்கணக்கில் படுக்கை, மனைவி சேர்த்த பணம் கரைகிறது. எழுந்தவனுக்கு வேலைமேல் ஒரு வெறுப்பு. பிறகுதான் குடி. ஸோலா அத்தோடு விடவில்லை. தெருமுனைச் சாராயக் கடையையும், அங்கே சத்தமின்றிச் சொட்டிக்கொண்டே இருக்கும் வடி கலத்தையும் ஒரு பாத்திரத்தைப் போலவே நாவலில் நிறுத்திவைத்தார். தொழிலாளியை இழிவுபடுத்திவிட்டார் என்று அந்தக் காலத்து முற்போக்குக்காரர்களே அவர்மேல் பாய்ந்தார்கள். விபத்து, வெறுங்கை, கடை என்று மூன்றையும் அவர் வரிசையாக வைத்திருந்ததை அவர்கள் கவனிக்கவில்லை.

நம் காலத்தில் டக்ளஸ் ஸ்டூவர்ட் எழுதி, 2020-ல் புக்கர் பரிசு பெற்ற 'ஷகி பெய்ன்' அந்த மரபில் வந்தது. 1980-களின் கிளாஸ்கோ, சுரங்கம் மூடிய குடியிருப்பு, குடியில் அழியும் தாய், பார்த்துக்கொண்டிருக்கும் சிறுவன். அந்தத் தாய் ஆக்னஸ் காலையில் எழுந்து தலைவாரி, சாயம் பூசி, நல்ல கோட்டு அணிந்துதான் வெளியே வருவாள். அவளிடம் நம்பிக்கை இல்லையென்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நம்பிக்கை அளவுக்கு மேல் இருந்ததுதான் அவள் துயரம். இந்த மாதிரிப் பெண்ணுக்குப் பேராசிரியர்களின் கூடையில் இடம் உண்டு. ஆனால் கூடையின் பெயர் அவளுக்குப் பொருந்தவில்லை.

யாருடைய துயரத்துக்கு இந்தப் பெயர் கிடைத்தது என்பதும் கேட்கவேண்டிய கேள்வி. 1980-களில் ஆலைகள் போன நகரங்களில் கறுப்பர்கள் கிராக் என்ற போதைப்பொருளால் அழிந்தபோது அதை நம்பிக்கை இழந்த சாவு என்று அழைக்கவில்லை. ஒழுக்கக்கேடு என்றார்கள், குற்றம் என்றார்கள், சிறையில் போட்டார்கள். முன்பு கறுப்பர்களுக்கு நேர்ந்ததே பின்னால் வெள்ளைத் தொழிலாளிக்கும் நேர்ந்தது என்று ஆசிரியர்களே ஒப்புக்கொள்கிறார்கள். அதற்காக அவர்களைப் பாராட்ட வேண்டும். ஆனால் 2022-ல் நடுவயதுக் கறுப்பர்களின் விகிதம் வெள்ளையரைத் தாண்டிவிட்டது. அமெரிக்கப் பூர்வகுடிகளின் விகிதமோ வெள்ளையரைப் போல் இருமடங்குக்கும் மேல். வெள்ளைத் தொழிலாளியின் வீட்டு வாசலில் தொடங்கிய புத்தகம் அந்தப் பக்கத்து வீடுகளுக்கு நீட்டிப் படிக்கப்படவேண்டியது.

கடைசியாக, இந்தப் பெயரைத் தமிழில் என்னவென்று சொல்வது? 'விரக்தி மரணம்' என்ற பிரயோகம் சட்டென்று வாயில் வந்துவிடும். எனக்கு அது சம்மதமில்லை. விரக்தி என்றால் பற்று நீங்குதல். நம் மரபில் அது சம்பாதிக்கவேண்டிய நிலை; துறவிக்குப் பெருமை. பேச்சு வழக்கில் அர்த்தம் சோர்வுக்கு இறங்கிவிட்டாலும் பழைய வாசனை போகவில்லை. கூலி குறைந்து, முதுகு வலித்து, மாத்திரைக்கும் புட்டிக்கும் பழகிச் செத்தவனைப் பற்றற்றவன் என்று சொன்னால் அவனைக் கேலி செய்வதாகும். அவனுக்குப் பற்று நிறைய இருந்தது. வேலைமேல், வீட்டின்மேல், நாலு பேர் முன்னால் தலை நிமிர்ந்து நடப்பதன்மேல். பற்றிக்கொள்வதற்குத்தான் ஒன்றும் விட்டுவைக்கவில்லை. 'கைவிடப்பட்டவர்களின் சாவு' என்று சொன்னால் ஓரளவு நெருங்கிவரும். கைவிட்டவர் யார் என்ற கேள்வியாவது அதில் ஒட்டிக்கொண்டிருக்கும்.

கேஸ், டீட்டன் புத்தகத்தை எல்லோரும் படிக்கவேண்டும் என்பதே என் அபிப்பிராயம். காப்பீட்டைப் பற்றிய பக்கங்களை இரண்டு முறை படிக்கலாம். அட்டையிலுள்ள பெயரை மட்டும் அப்படியே நம்பிவிட வேண்டாம். உள்ளே அவர்கள் அடுக்கியிருக்கும் சாட்சியங்கள் செத்தவனின் மனசைக் காட்டுவதைவிட, அவனுக்குக் கூலி கொடுத்தவனையும் மருந்து கொடுத்தவனையுமே அதிகமாகக் காட்டுகின்றன. அந்த வரிசையில் மது விற்றவனையும் வாசகர்தான் கொண்டுபோய் நிறுத்திக்கொள்ள வேண்டும்.